பால், கோடு

பாலக்கோட்டைப் பிரித்தால்
பால், கோடு என்றாள் கெம்பா.
அப்படிப் பிரிக்கக் கூடாது, இலக்கணம் இடிக்கும்.
நான் சங்கத்தில் பால் பரிசோதிக்கிறவன்.
எனக்குப் பிரிக்கத் தெரிந்தது கொழுப்பு மட்டும்.

கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள்.
ஒரு நாள் விடியற்காலை வரிசையில் நின்றாள்,
காலிக் கேனோடு.
"சாம்பிள் எடுத்த மிச்சம் போதும்ண்ணா,
ஆளாளுக்குத் தனித்தனியா."
அந்த மிச்சம் எந்தக் கணக்கிலும் வராது.
என் வீட்டுக் காபியில் வரும்.
இருந்தாலும் கொடுத்தேன்.

கிருஷ்ணகிரி பாலிஷ் கம்பெனியில்
மூலை உடைந்து தள்ளிய கறுப்புக் கற்கள்,
டெம்போவில் அறுபத்து மூன்று.
உறுப்பினருக்கு ஒரு கல்.
விற்றுப்போன மாடுகளின் மஞ்சள் காதுவில்லை
ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை.
கிடாரி வால்மயிரில் கட்டிய தூரிகை.
பாலில் இரண்டு சொட்டுச் சுண்ணாம்புத் தெளிவு.
தினம் ஒரு பூச்சு,
ஒரே ஒரு கோடு, இடமிருந்து வலம்,
காய்ந்த கோட்டின் மேலேயே மறுநாள் கோடு.
நாற்பது நாள்.
ஈ வந்தது. எறும்பு வந்தது.
அவற்றை அவள் விரட்டவில்லை.
"அதுங்களும் பரிசோதிக்கட்டும்."

கண்காட்சி சங்கக் கொட்டகையிலேயே.
சாயங்கால லாரி போன பிறகு
தரையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் திறந்தாள்.
பெங்களூரிலிருந்து கறுப்புச் சட்டைக்காரர் இருவர்
கற்களுக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள்.
பால் ஊற்றுகிறவர்கள் கைகட்டவில்லை.
குனிந்தார்கள். மோந்தார்கள்.
தம் தம் எண்ணைத் தேடினார்கள்.

கொழுப்புள்ள பால் கல்லில் ஏறி உட்காரும்,
மெழுகு மாதிரி, ஓரம் மஞ்சளாக.
தண்ணீர் கலந்தது நீலம் பூத்து
இருக்கிறேனா இல்லையா என்று நிற்கும்.
இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை.
"மாதையன் கல்லுல பஞ்சப்பள்ளி டேம் தெரியுது!"
கொட்டகை அதிர்ந்தது.
மாதையனும் சிரித்தான், என்ன செய்வான்.

எண் ஒன்று, தலைவர் கல்.
மழைத் தண்ணீர் காய்ந்த தடம்.
என் கையெழுத்தில் அவர் பால் எப்போதும்
நாலு புள்ளி ரெண்டு.

அந்தப் புள்ளிகளை
எங்கிருந்தாவது எடுக்க வேண்டும் இல்லையா.

எண் நாற்பத்தேழு, பச்சியம்மாள்.
கறவை ஒன்றுதான், கலப்பு ஜெர்சி.
இரண்டு வருடச் சீட்டுகளையும்
கம்பியில் குத்தி வைத்திருப்பவள்.
மூணு புள்ளி நாலு. மூணு புள்ளி அஞ்சு.
மூணு புள்ளி நாலு.
தீவனத்தை மாற்றிப் பார்த்தாள்.
மருத்துவரைக் கூட்டிவந்தாள்.
மாட்டைத் திட்டினாள்.

அவள் கல்லில் கோடு
விரல் தடிமனுக்கு எழும்பியிருந்தது.
டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு
வழுக்கி என் சட்டை மேல் விழுந்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

பச்சியம்மாள் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள்.
மஞ்சள் சுருள் ஒன்று வந்தது.
வாயில் போட்டுக்கொண்டாள்.
"எம் மாட்டுப் பாலுதான்" என்றாள்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்துக் கல்லைப் பார்த்தாள்,
அதற்கடுத்ததை,
பின்னோக்கி நடந்து, எண் ஒன்று வரைக்கும்.

கறுப்புச் சட்டைக்காரர்களில் ஒருவர்
என்னிடம் கேட்டார், உங்களுக்கு எது பிடித்தது?
கேன் கழுவப் போகிறேன் என்றேன்.
கழுவிய கேனை இன்னொரு முறை கழுவினேன்.

மறுநாள் ஐந்து நாற்பது.
கெம்பா வரவில்லை. கற்கள் சுவரோரம்.
பச்சியம்மாள் ஊற்றினாள்.
மெஷினில் சிவப்பு எண் எழுந்தது.
வழக்கமாக அந்தப் பக்கம் அட்டை ஒன்று சாத்தியிருப்பேன்.
அன்று சாத்தவில்லை,
துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்,
அட்டையை இரவே ஈரத்தில் யாரோ மிதித்திருந்தார்கள்.

நாலு புள்ளி ஏழு.
எழுதினேன்.
பேனா அந்தப் புள்ளியில்
தேவைக்கு மேல் நின்று மை ஊறியது.

சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
நன்றாக எல்லாருக்கும் கேட்கும்படி
"மெஷின் ரிப்பேராப்பா?" என்றாள்.

அடுத்தவள் கேனை நீட்டிவிட்டாள்.